கரிக்கோச்சியைத் தேடிப் போன பயணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஓடுகிற நீராவி எஞ்சின்களை, எங்கள் பேச்சில் கரிக்கோச்சிகளை, பார்ப்பதற்காகவே இந்தியாவுக்கு மூன்று முறையும், ஜேர்மனிக்கும் பிரித்தானியாவுக்கும் ஒவ்வொரு முறையும் போய் வந்திருக்கிறேன். கோணேசர் கோயில் படியிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் மீன் சந்தையிலும் ஒரே கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். பதில்களையும் சேர்த்து எழுதியது இது.

டீச்சர், கரிக்கோச்சி இன்னும் ஓடுகிறதா? எல்லாம் மியூசியத்துக்குப் போய்விட்டது என்றல்லவா நினைத்தேன்?

ஓடுகிறது. ஆனால் பெரிய பாதைகளில் நாள் முழுவதும் சரக்கும் ஆட்களும் இழுத்த காலம் முடிந்துவிட்டது. பிரித்தானியாவின் தேசிய ரயில்வே 1968 ஆகஸ்டில் நீராவியைக் கைவிட்டது. இந்தியாவின் அகலப் பாதையில் கடைசி வழக்கமான நீராவி ரயில் 1995 டிசம்பரில் ஓடியது. சீனாவின் உள்மொங்கோலியாவில் ஜிதோங் பாதையில் மட்டும் ஐந்து சோடி இழுசக்கரம் கொண்ட பெரிய எஞ்சின்கள் 2005 டிசம்பர்வரை இழுத்துக்கொண்டிருந்தன. அப்போது எனக்கு அங்கே போக வழியில்லை. போயிருக்க வேண்டும் என்ற ஏக்கம் இன்றும் இருக்கிறது.

இன்று மிஞ்சியிருப்பவை மலைப் பாதைகள், சில சிறிய பாதைகள், ஆர்வலர்கள் காப்பாற்றிய பாதைகள். அவை குறைவுதான். ஆனாலும் உலையில் நெருப்பு எரிகிற, தண்ணீர் கொதிக்கிற, ஆட்களை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குப் புறப்படுகிற எஞ்சின்கள் அவை. நான் தேடிப் போனது அவற்றைத்தான்.

இதற்கு ஏன் வெளிநாடு? கடுகண்ணாவையில் எஞ்சின் நிற்கிறதே?

கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம். நம் நாட்டிலும் பழைய நீராவி எஞ்சின் ஒன்று ‘வைஸ்ரோய் ஸ்பெஷல்’ என்ற பெயரில் சுற்றுலாக் குழுக்களுக்காக இடையிடையே ஓடியிருக்கிறது. ஆனால் டிக்கெட் எடுத்து, இன்ன நாள் இன்ன நேரம் என்று நம்பிப் போய் ஏறக்கூடிய நீராவி ரயில் இலங்கையில் இல்லை.

நிற்கிற எஞ்சினுக்கும் ஓடுகிற எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். எலும்புக்கூட்டைப் பார்த்து இதயம் எப்படித் துடிக்கும் என்று விளங்கிக்கொள்ள முடியாது. நீராவி எஞ்சின் சும்மா நிற்கும்போதும் அதற்குள் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். எங்கோ சொட்டும், எங்கோ சீறும், திடீரென்று பம்ப் ஒன்று நாலு தடவை தட்டிவிட்டு ஓயும். அதன் பக்கத்தில் நின்றால் முகத்தில் சூடு படும். அருங்காட்சியகத்தில் அந்தச் சூடு இல்லை.

உங்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது? பெண்களுக்கு இதில் என்ன?

என் அப்பா ரயில் எஞ்சினின் உலையைக் கவனிக்கும் ஃபயர்மேன். கல் ஓயா சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலைக்கு வரும் பாதை 1927இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதையில்தான் அறுபதுகளில் அவர் கரி அள்ளிப் போட்டார். நான் 1956இல் பிறந்தவள். எட்டு வயதுப் பிள்ளையாகத் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோய் மேடையில் நிற்பேன். அவர் இறங்கி வந்து, கையைக் கழுவாமல் என்னைத் தொடமாட்டார். 1964 டிசம்பர்ப் புயல் இரவில் அவர் கல் ஓயாவில் அகப்பட்டுக்கொண்டார். அவர் வரும்வரை அம்மா விளக்கை அணைக்கவில்லை.

வேலையைப் பற்றி அப்பா வீட்டில் பேசியதே இல்லை. ஒரே ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. வீட்டிலிருக்கும் நாட்களில் அடுப்பை வேறு யாரும் மூட்டக்கூடாது. விறகையும் சிரட்டையையும் தன் விருப்பப்படி அடுக்குவார். சமையலறையில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று அம்மா ஏசுவார். அப்பா 1983இல் காலமாகிவிட்டார். அவர் என்ன வேலை செய்தார் என்று அதன் பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்க ஆளில்லை. அதனால் அந்த வேலையை இன்னும் செய்கிறவர்களைத் தேடிப் போனேன். பெண்களுக்கு இதில் என்ன என்ற கேள்விக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போகலாம்?

யோசிக்கவே தேவையில்லை, நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம்வரை 46 கிலோமீற்றர். 326 மீற்றர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீற்றரில் நிற்கிறது. குன்னூர்வரை 1899இல் வந்தது, உதகைக்கு 1908இல் போய்ச் சேர்ந்தது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நமக்கு அதைவிடப் பெரிய விடயம், அங்கே சாரதியோடும் ஃபயர்மேனோடும் தமிழிலேயே பேசலாம். ஜேர்மனியில் நான் வாயில்லாத ஆளாக நின்று பார்த்தவற்றுக்கெல்லாம் விளக்கம் அந்தப் பாதையிலுள்ள கல்லாறு நிலைய மேடையில்தான் கிடைத்தது.

முதல் தடவை டிசம்பர் விடுமுறையில் அண்ணியோடு போனேன். வடகீழ்ப் பருவ மழையில் மலை சரிந்து பாதையில் விழுந்து, குன்னூர்வரை ரயில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மூடிய கவுண்டருக்கு முன்னால் பெட்டியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு பஸ்ஸில் குன்னூருக்குப் போனோம். வழியெல்லாம் கீழே பள்ளத்தில் வெறும் தண்டவாளம் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஒக்டோபர் முதல் டிசம்பர்வரை இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். அடுத்த ஏப்ரல் விடுமுறையில் மறுபடியும் போனோம்.

காலை 7.10க்குப் புறப்படுகிற ரயில். நாங்கள் ஐந்தரைக்கே போய்விட்டோம். எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சத்தமே மாறியது. அதுவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, பிறகு உழைக்கத் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் பிரேக்கோடு ஒரு ஊழியர் நின்று, கொடியைக் காட்டிப் பின்னால் இருக்கும் சாரதிக்கு வழி சொல்கிறார். இடையில் தண்ணீர் குடிக்க எஞ்சின் நிற்கும். அப்போது பயணிகள் எல்லாரும் தேநீருக்கு ஓடுவார்கள், குரங்குகள் வாழைப்பழத்துக்கு ஓடி வரும். நீங்கள் எஞ்சினிடம் ஓடுங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் முழுப் பயணத்தின் பெறுமதி. ஹில்குரோ நிலையத்தில் எண்ணெய்க் குப்பியோடு இறங்கிய ஒருவர் எஞ்சினின் ஒவ்வொரு மூட்டு இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். ஏன் என்று கேட்டேன். “சூடு தாங்கலைன்னா எண்ணெய் பத்தலைன்னு அர்த்தம் அம்மா” என்றார். அப்பாவின் புறங்கைத் தழும்புகள் நினைவுக்கு வந்தன.

குன்னூரில் எஞ்சின் மாறிவிடும். அங்கிருந்து உதகைக்கு டீசல்தான் இழுக்கும். உதகையில் ஏறி ‘நீராவி ரயிலில் போனேன்’ என்று திரும்பி வந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிக்கு டிக்கெட் எடுங்கள்.

திருகோணமலையிலிருந்து அங்கே எப்படிப் போவது?

எங்கள் தாத்தாமார் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி ரயில் பிடித்தார்கள். அந்த வழி 1964 புயலோடு போய்விட்டது. இப்போது கொழும்பிலிருந்தோ பலாலியிலிருந்தோ சென்னைக்கு விமானம். சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். மலை ரயில் அதன் வருகைக்குப் பிறகு புறப்படும் விதமாகவே நேரம் வைத்திருக்கிறார்கள். இந்திய விசாவை இணையத்திலேயே எடுக்கலாம்.

மலை ரயிலின் இருக்கைகள் மிகக் குறைவு. முன்பதிவு திறக்கும் அன்றே எடுத்துவிட வேண்டும். விமான டிக்கெட்டை அதன் பிறகு எடுங்கள். ஒரு தடவை முகவர் ஒருவர் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி எனக்கு உதகை–குன்னூர் டிக்கெட்டைக் கையில் தந்துவிட்டார். டிக்கெட்டில் ஊர்ப் பெயர்களை நீங்களே வாசித்துப் பாருங்கள்.

அங்கே எஞ்சின் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது? அது என்ன பல்சக்கரம்?

சாதாரண ரயிலில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பிடிமானம் சமதரையில் போதும். நீலகிரியின் மோசமான ஏற்றம் ஏறத்தாழப் பன்னிரண்டு மீற்றருக்கு ஒரு மீற்றர். அங்கே சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியில் இருக்கும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் சுவிஸ் நாட்டு ரோமன் ஆப்ட், முறைக்கும் அவருடைய பெயர்தான்.

எஞ்சினில் நாலு சிலிண்டர். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதல் இரண்டு சிலிண்டரில் சாதாரணச் சக்கரங்களைச் சுற்றுகிறது. மிச்ச வலுவோடு வெளியே வருவதை வீணாக்காமல் மற்ற இரண்டு சிலிண்டருக்கு அனுப்பி, அதைக்கொண்டு பல்சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் எனக்குப் படிப்பிக்க ஆசை வருகிற இடம் இது.

பின்னாலிருந்து தள்ளுவதற்குக் காரணம் பாதுகாப்பு. ஏற்றத்தில் பெட்டிகளின் இணைப்பு அறுந்தால், முன்னால் எஞ்சின் இருக்கிற ரயிலில் பெட்டிகள் பின்னோக்கி உருண்டு போய்விடும். எஞ்சின் கீழ்ப்பக்கம் இருந்தால் பெட்டிகள் அதன்மேல் சாய்ந்துதான் நிற்கும்.

அந்த எஞ்சின்கள் நூறு வருடப் பழசாமே, பயமில்லையா?

பழைய எஞ்சின்கள் சுவிட்ஸர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. ஆனால் நீங்கள் ஏறப்போகும் ரயிலைத் தள்ளுவது திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்த நூற்றாண்டில் செய்யப்பட்ட எஞ்சினாகவும் இருக்கலாம். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் புதிதாகச் செய்தவை அவை. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும் எஞ்சின்களும் அங்கே உண்டு. நான் போன ஏப்ரலில் எண்ணெய்தான் எரிந்தது. அதனால் அப்பாவின் சட்டையில் இருந்த மணம் எனக்கு அங்கே கிடைக்கவில்லை. அதற்கு டார்ஜிலிங் போக வேண்டியிருந்தது.

டார்ஜிலிங்கும் இதுவும் ஒன்றுதானே?

இரண்டும் மலை ரயில், அவ்வளவுதான் ஒற்றுமை. டார்ஜிலிங்கில் பல்சட்டம் கிடையாது. பாதை சுற்றிச் சுற்றி வளைந்தும், சில இடங்களில் முன்னே போய் நின்று பின்னே ஏறி மறுபடி முன்னே போயும் உயரத்தைப் பிடிக்கிறது. 1881இல் முடிந்த பாதை. தண்டவாளத்தின் அகலம் 610 மில்லிமீற்றர். நம்முடைய பாதையின் 1,676 மில்லிமீற்றரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு முழத்துக்கும் குறைவு. அந்தக் குட்டி எஞ்சின்கள் 1889 முதல் 1925வரை செய்யப்பட்டவை. உலக மரபுரிமைப் பட்டியலில் நீலகிரிக்கு முன்னரே, 1999இல், இடம்பெற்றது இது.

நான் 2014 ஏப்ரலில் போனேன். டார்ஜிலிங்கிலிருந்து கும் வரை போய்த் திரும்பும் இரண்டு மணி நேர ரயிலில் ஏறினேன். கும் நிலையம் 2,258 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த ரயில் வீதியோரமாக, கடைகளை உரசிக்கொண்டு போகிறது. காய்கறிக் கடைக்காரர் கூடையை ஒரு சாண் உள்ளே இழுப்பார், ரயில் போகும், மறுபடி வெளியே தள்ளுவார். எஞ்சினின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து, சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணல் தூவுகிறார்கள். மேலே ஒருவர் கரியை உடைத்துக்கொண்டே வருகிறார். இத்தனை சின்ன எஞ்சினுக்கு இத்தனை மனிதர்கள்! ஈரக் காற்றில் கரிப்புகை முகத்தில் அடித்தபோது என்னையறியாமல் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த வங்காளி அம்மா கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து முந்தானையை ஊதி ஒற்றிவிட்டார்.

என் மகன் ஜேர்மனியில் இருக்கிறான். அங்கே ஏதாவது உண்டா?

அங்கே இருப்பதைப்போல வேறு எங்கும் இல்லை. ஹார்ஸ் மலையில் ஒரு மீற்றர் அகலப் பாதைகள் 140 கிலோமீற்றர் நீளத்துக்கு வலைபோல இருக்கின்றன. வெர்னிகரோட என்ற ஊரிலிருந்து 1,141 மீற்றர் உயரமான புரோக்கன் உச்சிக்கு நீராவி ரயில்கள் போகின்றன. பல்சட்டம் இல்லாமல் வெறும் பிடிமானத்தால் ஏறுகின்றன. இழுப்பவை பெரும்பாலும் 1954–56இல் கிழக்கு ஜேர்மனியில் செய்யப்பட்ட, ஐந்து சோடி இழுசக்கரம் கொண்ட எஞ்சின்கள்.

தம்பியின் மகன் ஹனோவரில் இருக்கிறான். 2017 பெப்ரவரியில் அழைப்புக் கடிதம் அனுப்பினான். பனிக்காலத்தில் ஏன் வருகிறீர்கள் மாமி என்று கேட்டான். குளிரில்தான் நீராவி நன்றாகத் தெரியும் என்றேன். விளக்கத்தைப் புகை பற்றிய கேள்வியில் கீழே எழுதியிருக்கிறேன். விடியற்காலையில் வெர்னிகரோடவின் எஞ்சின் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றோம். ஒவ்வொன்றாக வெளியே வந்து, கரி ஏற்றி, தண்ணீர் நிரப்பி, சாம்பலைக் கொட்டிப் போயின. எந்த அவசரமும் இல்லை. நம் ஊர் மீனவர்கள் வலையை மடிப்பதைப்போல ஒவ்வொரு காரியமும் அதனதன் ஒழுங்கில் நடந்தது.

அந்தப் பாதையில் எனக்கு வேறொரு நெருக்கமும் உண்டானது. கிழக்கு, மேற்கு ஜேர்மனியின் எல்லை அருகே இருந்ததால் 1961இல் புரோக்கன் உச்சியை இராணுவம் மூடிவிட்டது. முப்பது வருடம் பொதுமக்களுக்கு அங்கே ரயில் இல்லை. நாடு ஒன்றான பிறகு, 1991இல் நீராவி எஞ்சின் மறுபடியும் மேலே ஏறியது. பக்கத்தில் இருந்த கிழவர் சிறு வயதில் தந்தையோடு அங்கே போனதையும், மறுமுறை போகத் தனக்கு முடி நரைக்க வேண்டியிருந்ததையும் சொல்லச் சொல்ல, தம்பி மகன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். யாழ்ப்பாணத்துக்கு 2014இலும் தலைமன்னாருக்கு 2015இலும் ரயில் திரும்பிய நாட்களை நான் அவருக்குச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை விடவில்லை.

லண்டனில் ஆட்கள் இருந்தால்?

பிரித்தானியாவில் எங்கு பார்த்தாலும் நீராவிப் பாதை உண்டு. பெரும்பாலானவற்றைத் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். வேல்ஸின் தாலிலின் பாதையை 1951இல் ஆர்வலர்கள் கையிலெடுத்தார்கள். உலகில் அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் பாதை அது. வேல்ஸிலேயே ஃபெஸ்டினியோக் பாதையில் முன்னும் பின்னும் புகைபோக்கி கொண்ட இரட்டை எஞ்சினைப் பாருங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியாது. யோர்க் ரயில் அருங்காட்சியகத்தில், 1938 ஜூலை 3இல் மணிக்கு 203 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்த மல்லார்ட் என்ற நீராவி எஞ்சின் நிற்கிறது. அழகு. ஆனால் நிற்கிறது.

புகை ஏன் சில நேரம் கறுப்பு, சில நேரம் வெள்ளை?

வெள்ளையாகத் தெரிவது புகையே அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது வெளிக்காற்றில் குளிர்ந்து சிறு துளிகளாகும்போதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. அதனால்தான் பனிக்காலத்தில் மலைபோல எழும்பும், சித்திரை வெயிலில் சட்டென்று மறையும். படம் எடுப்பவர்கள் குளிரையும் காலைப் பொழுதையும் தேடுவது இதற்காகத்தான்.

கறுப்பு என்றால் கரி முழுதாக எரியவில்லை, காற்று போதவில்லை அல்லது ஒரேயடியாக நிறையப் போட்டுவிட்டார்கள். நல்ல ஃபயர்மேனின் புகைபோக்கியில் மெல்லிய சாம்பல் நிறம்தான் தெரியும். படத்துக்கு அழகென்று சிலர் கறுப்புப் புகை கேட்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நெருப்பை வீணாக்கச் சொல்லி அதைக் காப்பவரிடமே கேட்பது அது.

புறப்படும்போது பக்கங்களில் ‘உஸ்’ என்று பீறிடுவதைப் பற்றியும் கேட்பார்கள். சிலிண்டருக்குள் குளிர்ந்து தங்கிய தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். தண்ணீர் அமுங்காது. அதை உள்ளே விட்டுப் பிஸ்டனை ஓட்டினால் சிலிண்டரின் மூடியே உடைந்துவிடும்.

பட்டனை அழுத்தினால் புறப்படாதா? ஏன் இத்தனை பேர், இத்தனை நேரம்?

குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைத்து ஓட வைக்கப் பல மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் கொதிகலனின் ஒரு பகுதி முன்னே விரிந்து, மற்றப் பகுதி பின்தங்கி, உலோகம் வெடிப்பு விடும். ஆறரை மணி ரயிலுக்கு நள்ளிரவுக்குப் பிறகே ஒருவர் எழும்பியாக வேண்டும். அப்பா ஏன் மூன்று மணிக்கு வீட்டை விட்டுப் போனார் என்பது எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது.

இன்னொன்று, தண்ணீர். உலையின் கூரைக்கு மேலே எப்போதும் தண்ணீர் மூடி நிற்க வேண்டும். குறைந்தால் கூரை பழுத்து வளைந்து கொதிகலன் வெடிக்கும். அதற்காகக் கூரையில் ஈய அடைப்பான் வைத்திருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, நீராவி உலைக்குள் பாய்ந்து எச்சரிக்கும். ஃபயர்மேன் கரி அள்ளும் கூலி அல்ல. அடுத்த ஏற்றம் எங்கே, அதற்கு எவ்வளவு முன்னே நெருப்பை வளர்க்க வேண்டும், எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று பாதை முழுவதையும் மனதில் வைத்திருப்பவர். கந்தளாய்ப் பாதையை அப்பா அப்படித்தான் வைத்திருந்திருப்பார்.

தனியாகப் போகப் பயமாக இல்லையா அக்கா? செலவுக்கு என்ன செய்தீர்கள்?

இந்தியாவுக்கு அண்ணி வந்தார், டார்ஜிலிங்குக்கு மட்டும் பத்துப் பேர் கொண்ட குழுவோடு போனேன். ஐரோப்பாவில் உறவும் பழைய மாணவிகளும் இருந்தார்கள். நம் ஊரில் இன்று எந்த வீட்டுக்குத்தான் வெளியே ஆள் இல்லை? செலவுக்குச் சீட்டுக் கட்டினேன். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சீட்டு. நகை வாங்கவில்லை.

உடுப்பைப் பற்றி ஒரு சொல்: வெள்ளை வேண்டாம். யன்னலால் தலையை நீட்டினால் கரித்துகள் கண்ணில் விழும், கண்ணாடி அணியுங்கள்.

சுற்றுலாக்காரருக்காக ஓடுவதை ‘வேலை செய்கிற எஞ்சின்’ என்று எப்படிச் சொல்வீர்கள்?

கேட்டது என்னிடம் படித்த பையன், இப்போது பொறியியலாளர். நியாயமான கேள்வி. முதல் கேள்வியில் நான் சொன்ன சீனப் பாதையோடு ஒப்பிட்டால், இன்று ஓடுபவை எல்லாம் வேடிக்கைதான் என்பது அவன் வாதம்.

நான் ஏற்கவில்லை. யாருக்காக ஓடுகிறது என்பது பயணிகளின் கதை. எஞ்சினுக்கு ஏற்றம் அதே ஏற்றம்தான், கொதிகலனுக்கு அழுத்தம் அதே அழுத்தம்தான், ஈய அடைப்பான் சுற்றுலாவென்று இரக்கம் காட்டாது. ஹில்குரோவில் எஞ்சினின் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தவரின் கை நடிக்கவில்லை. அந்தக் கை போய்விட்டால், எத்தனை எஞ்சினுக்கு வர்ணம் பூசி நிறுத்தினாலும் அந்த வேலை உலகத்தில் இருக்காது. புத்தகத்தில் இருந்து அதைக் கற்க முடியாது. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நின்றுதான் கற்க முடியும்.

இந்தக் காலத்தில் கரியை எரிப்பது சரியா?

மனதை உறுத்துகிற கேள்வி. காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பத்தாம் வகுப்புக்குப் படிப்பித்தவள் நான். நீராவி எஞ்சின் எரிபொருளின் சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவையாக மாற்றுவது அரிது. மிச்சம் புகைபோக்கியாலும் சூடாகவும் போய்விடும். அதனால்தான் இங்கே 1953 முதல் பெரிய டீசல் எஞ்சின்கள் வந்தன. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் கனடா தந்த, கனடிய மாகாணப் பெயர் தாங்கிய எஞ்சின்கள் வந்தபோது நீராவியின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. அந்த மாற்றம் சரியானது. அப்பாவின் நுரையீரலை நினைத்தால் இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டும்.

ஆனாலும் உலகில் மிஞ்சியிருக்கிற எஞ்சின்கள் எரிப்பது, ஒரு அனல்மின் நிலையத்துக்கு முன்னால் மிகச் சிறிது. இந்த அளவை நான் மனதார ஏற்கிறேன். நான் அங்கே போக எடுத்த விமானம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. அதனால் பயணங்களைச் சேர்த்து வைத்து, ஒரே தடவையில் பல இடம் பார்க்கப் பழகினேன்.

நம் கல் ஓயா–திருகோணமலைப் பாதையில் மறுபடியும் ஒரு நாள் ஓடுமா டீச்சர்?

ஓட வேண்டும் என்பது என் ஆசை. தண்டவாளம் அதே அகலம்தான். எஞ்சினும் நாட்டில் உண்டு. ஆனால் வழியில் தண்ணீர் வேண்டும், கரி வேண்டும், கொதிகலனைச் சோதித்துச் சான்று கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மேலே நான் சொன்ன கைகள் வேண்டும். வருடத்தில் ஒரு நாள் போதும். தாய்லாந்தில் மார்ச் 26, ஒக்டோபர் 23 போன்ற சில நாட்களில் மட்டும் பாங்கொக்கிலிருந்து நீராவி ரயில் விடுகிறார்கள். கந்தளாய்க் குளத்தருகே அப்படி ஒன்று போனால் வீதி முழுவதும் பிள்ளைகள் நிற்பார்கள்.

எஞ்சினுக்குள் ஏறியிருக்கிறீர்களா? கரி போட்டீர்களா?

ஒரு தடவை. 2018 ஜூலை, வேல்ஸில் ஒரு சின்னப் பாதை. என் மாணவி லண்டனிலிருந்து கூட்டிப் போனாள். ரயில் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. என் அப்பா இலங்கையில் ஃபயர்மேன் என்று அவள் சொன்னதும், எஞ்சினில் நின்ற வெள்ளைத்தாடிக்காரர் கையை நீட்டி என்னை மேலே தூக்கிவிட்டார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டேன். உலைக் கதவைத் திறந்தார். பார்க்க முடியாத வெளிச்சம். கரி அள்ளும் சவளைக் கையில் தந்தார். நான் நடுவில் வீசினேன். அவர் தலையசைத்து, என் கையோடு சேர்த்துச் சவளைப் பிடித்து, பின் மூலை இரண்டையும் காட்டினார். முதலில் மூலைகள், பிறகு ஓரங்கள், நடுவில் மெல்லியதாக. நடுவில் குவித்தால் காற்று ஏறாது.

சிரட்டைகளை அடுப்பின் பின் மூலைகளில் குவித்து, நடுவைக் காலியாக விட்டு, குந்தி இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவின் முதுகு எனக்கு அப்போது தெரிந்தது.

அம்மா அப்போது உயிரோடு இருந்தார். அன்றிரவே திருகோணமலைக்கு அழைத்துச் சொன்னேன். நீண்ட நேரம் பேச்சில்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பிறகு அம்மா கேட்டார், “மூலையில் எவ்வளவு போடச் சொன்னார்?”